ஓர் எண்ணின் பிடிவாதம்

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் சுழற்சியை அளக்க 1960களின் பிற்பகுதியில் வானியலாளர் வேரா ரூபினுக்குக் கைகொடுத்தது கென்ட் ஃபோர்டு உருவாக்கிய ஒரு கருவி. மங்கலான ஒளியை மின்னணு முறையில் பெருக்கிப் புகைப்படத் தகட்டில் பதிக்கும் பிம்பக் குழாயை, வாஷிங்டனில் உள்ள கார்னகி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபோர்டு நிறமாலைமானியோடு பொருத்தியிருந்தார். அரிசோனாவின் லோவெல், கிட் பீக் வானாய்வகங்களுக்கு அதை எடுத்துப்போய், ஆண்ட்ரோமீடாவில் ஹைட்ரஜன் வாயு சூடாகி ஒளிரும் திட்டுகளை ஒவ்வொன்றாகக் குறிவைத்தார்கள். ஹைட்ரஜன் உமிழும் ஒரு சிவப்புக் கோடு ஆய்வுக்கூடத்தில் 656.3 நானோமீட்டரில் விழும். நம்மை நோக்கி வரும் திட்டில் அது சற்று நீலப் பக்கம் நகரும். விலகிப் போகும் திட்டில் சிவப்புப் பக்கம். சிறிய கண்ணாடித் தகட்டில் அந்த நகர்வு கண்ணுக்கே தெரியாது, நுண்ணோக்கியின் அடியில் வைத்துத்தான் அளக்க வேண்டும். இப்படி 67 திட்டுகளை அளந்து 1970இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் எதிர்பார்க்க வேண்டியது என்ன? சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, பூமி 30 கிலோமீட்டர், நெப்டியூன் ஐந்தரை கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நிறை முழுவதும் நடுவில் குவிந்திருந்தால் வெளியே போகப்போக வேகம் இப்படித்தான் தளர வேண்டும். ஆண்ட்ரோமீடாவின் ஒளியும் நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கிறது. ஆனால் மையத்திலிருந்து சுமார் 78,000 ஒளியாண்டு தொலைவு வரை போன பிறகும் அந்தத் தளர்ச்சி வந்து சேரவில்லை. ஒளி தீர்ந்துபோகிற இடத்துக்கும் அப்பால் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு பரவிக் கிடக்கிறது. அதன் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலைகளைப் பிடித்து நெதர்லாந்தின் ஆல்பர்ட் போஸ்மா 1978இல் பல கேலக்ஸிகளின் சுழற்சியைக் கணக்கிட்டார். அங்கும் அதே கதை. 1980இல் ரூபினும் ஃபோர்டும் நார்பர்ட் தோனார்டும் 21 சுருள் கேலக்ஸிகளை அடுக்கிக் காட்டியபோது மறுக்க ஆளில்லை. வேகத்தை வரைபடமாகப் போட்டால் கோடு கீழே இறங்காமல் கிடைமட்டமாக ஓடுகிறது. அந்த வேகத்தில் ஓடும் விண்மீன்களைக் கட்டிவைக்க, கண்ணுக்குத் தெரியும் நிறையின் ஈர்ப்பு போதவே போதாது.

இந்தப் பற்றாக்குறையை முதலில் சுட்டியவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. கோமா கேலக்ஸிக் கொத்தில் தனித்தனி கேலக்ஸிகள் ஓடும் வேகத்தை வைத்து, தெரியும் பொருளைவிடப் பன்மடங்கு அதிகமான கரும்பொருள் அங்கே இருக்க வேண்டும் என்று 1933இலேயே எழுதினார். தூரக் கணக்கு அந்நாளில் பிழையாக இருந்ததால் அவருடைய விகிதம் மிகையாக வந்தது. ஆனால் முடிவு நிலைத்தது.

நிறை போதவில்லை என்றால் இரண்டு வழிதான் உண்டு. கண்ணில் படாத பொருள் இருக்கிறது என்று சொல்லலாம், அல்லது ஈர்ப்பு விதியே அங்கே வேறு மாதிரி இயங்குகிறது என்று சொல்லலாம். வானியல் இரண்டையும் முன்பே பார்த்திருக்கிறது, அதுவும் ஒரே மனிதரின் கையால். யுரேனஸின் பாதை கணக்கோடு ஒத்துவராததைப் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே, தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது என்று கணக்கிட்டார். அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள், 1846 செப்டம்பர் 23 அன்று, பெர்லினில் யோஹான் காலே நெப்டியூனைக் கண்டார். 1859இல் புதனின் பாதையிலும் ஒரு பிசகு இருப்பதை அதே லெ வெரியே காட்டி, சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்கும் என்றார். வல்கன் என்று அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் தேடியும் அது கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தப் பிசகைக் கோளே இல்லாமல் விளக்கியது. ஆகவே விதியைத் திருத்தலாமா என்ற கேள்வியைக் கேட்பவரை ஏளனமாகப் பார்ப்பது வரலாறு தெரியாதவர் செய்யும் காரியம்.

1983இல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த மொர்தஹாய் மில்க்ரோம் அந்தக் கேள்வியை மூன்று கட்டுரைகளில் கேட்டார். அதற்கு முன்பும் விதியைத் திருத்த நினைத்தவர்கள் இருந்தார்கள். குறிப்பிட்ட தூரத்தைத் தாண்டினால் ஈர்ப்பு மாறுகிறது என்று வைத்துப் பார்ப்பது இயல்பாக வரும் யோசனை. அது எடுபடாது, ஏனென்றால் சிறிய கேலக்ஸிகளில் நிறைக் குறை உள்ளேயே தொடங்குகிறது, பெரியவற்றில் வெகு வெளியே. மில்க்ரோம் தூரத்தை விட்டுவிட்டு முடுக்கத்தைப் பிடித்தார். நியூட்டன் கணக்கிடும் முடுக்கம் ஒரு வரம்புக்குக் கீழே போகிற இடத்தில் மட்டும் புது விதி. அந்த வரம்பு, மீட்டர்-நொடி அலகில், சுமார் 1.2 × 10⁻¹⁰. இயற்பியலாளர்கள் அதை a₀ என்று எழுதுகிறார்கள். நாம் மில்க்ரோம் எண் என்று சொல்லிக்கொள்வோம்.

எவ்வளவு சிறியது அது? பூமியின் பரப்பில் ஒரு பொருள் விழும் முடுக்கம் இதைப்போல் 8,000 கோடி மடங்கு. அசையாமல் நிற்கும் ஒரு பொருளை மில்க்ரோம் எண் அளவு முடுக்கத்தோடு இழுத்தால், ஒரு நாள் முழுவதும் இழுத்த பிறகும் அது அரை மீட்டர்கூட நகர்ந்திருக்காது. ஓர் ஆண்டு இழுத்தால் அதன் வேகம் நொடிக்கு 4 மில்லிமீட்டரை எட்டாது. ஆனால் கேலக்ஸிகளுக்கு இது அன்றாட அளவு. நம் சூரியன் பால்வீதியின் மையத்தைச் சுற்றும் பாதையில் உணரும் முடுக்கம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவுதான். நாம் வரம்பின் ஓரத்திலேயே குடியிருக்கிறோம்.

வரம்புக்கு மேலே நியூட்டனின் விதி அப்படியே செல்லும். வெகு கீழே, நியூட்டன் சொல்லும் முடுக்கத்தையும் மில்க்ரோம் எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதுதான் உண்மையான முடுக்கம். நியூட்டனின் விடை மில்க்ரோம் எண்ணில் நூறில் ஒரு பங்கு என்றால், உண்மை முடுக்கம் பத்தில் ஒரு பங்கு. திருத்தம் இவ்வளவுதான். நியூட்டனின் ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, அதன் வர்க்கமூலம் தூரத்துக்கு ஏற்பக் குறையும். வட்டப் பாதையில் ஓடத் தேவையான முடுக்கமும், வேகம் மாறாதிருந்தால், தூரத்துக்கு ஏற்பவே குறைகிறது. இரண்டும் பொருந்திப்போக, வேகம் தூரத்தைச் சாராமல் நிலையாகிவிடுகிறது. கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது. ஒரு கேலக்ஸியின் சாதாரண நிறை, அதன் சுழற்சி வேகத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். அதாவது 16 மடங்கு நிறை கொண்ட கேலக்ஸி இரண்டு மடங்கு வேகத்தில் சுழல வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கிடைமட்டக் கோடு வருவதில் வியப்பில்லை. அது வரத்தான் சூத்திரமே அமைக்கப்பட்டது. அந்தச் சூத்திரம் அப்போது யாரும் அளந்திராத கேலக்ஸிகளைப் பற்றிச் சொன்னவற்றில்தான் அதன் பெருமை இருக்கிறது. விண்மீன்கள் மிக ஐதாகப் பரவி, வான்பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கவே கடினமான மங்கல் கேலக்ஸிகள் உண்டு. அவற்றில் மையத்திலேயே முடுக்கம் வரம்புக்குக் கீழே இருக்கும்; ஆகவே தொடக்கத்திலிருந்தே பெரிய நிறைக் குறை தெரிய வேண்டும் என்று மில்க்ரோம் 1983இலேயே எழுதிவைத்தார். 1990களில் ஸ்டேசி மக்கோவும் அவருடைய சகாக்களும் அப்படிப்பட்ட கேலக்ஸிகளை அளந்தார்கள். மக்கோ கரும்பொருளை நம்பி ஆய்வைத் தொடங்கியவர். அளவுகள் மில்க்ரோம் சொன்னபடியே வந்தன. நான்காம் அடுக்கு விதியும் நிறையில் ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபடும் கேலக்ஸிகளில் ஒரே கோட்டில் நின்றது.

2016இல் மக்கோ, ஃபெடெரிகோ லெல்லி, ஜேம்ஸ் ஷோம்பர்ட் மூவரும் 153 கேலக்ஸிகளில் ஏறத்தாழ 2,700 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களிலிருந்து விண்மீன்களின் நிறை, ரேடியோ அளவீடுகளிலிருந்து வாயுவின் நிறை. ஒவ்வோர் இடத்திலும் சாதாரணப் பொருள் தரவேண்டிய முடுக்கம் ஒரு பக்கம், சுழற்சியிலிருந்து கிடைத்த உண்மை முடுக்கம் மறுபக்கம். பெரிய சுருள்கள், சிறிய ஒழுங்கற்ற கேலக்ஸிகள், வாயு மிகுந்தவை, வாயு வற்றியவை என்று எல்லாப் புள்ளிகளும் ஒரே வளைகோட்டில் விழுந்தன. கோடு வளையும் இடம் மில்க்ரோம் எண். புள்ளிகளின் சிதறல் அளவீட்டுப் பிழையைத் தாண்டவில்லை.

இதில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்தது என்.ஜி.சி. 1560 என்ற சிறிய கேலக்ஸி. அதன் வாயுப் பரவலில் ஓரிடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. சுழற்சி வளைவிலும் அதே தூரத்தில் ஒரு பள்ளம். வழக்கமான கணக்கின்படி அந்த இடத்தில் ஈர்ப்பின் பெரும்பகுதி கரும்பொருளிலிருந்து வர வேண்டும். கரும்பொருளோ கேலக்ஸியைச் சுற்றிப் பெரிய உருண்டை உறையாக, வழுவழுப்பாகப் பரவிக் கிடப்பது. அப்படியானால் சிறுபான்மையான வாயுவில் உள்ள ஒரு சுருக்கம் மொத்த ஈர்ப்பில் எப்படித் தெரிகிறது? கேலக்ஸிகள் மோதியிருக்கின்றன, இணைந்திருக்கின்றன, விண்மீன் வெடிப்புகளில் வாயுவை இழந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் வரலாறும் தனி. இத்தனைக்குப் பிறகும் சாதாரணப் பொருள் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே மொத்த ஈர்ப்பையும் சொல்லிவிட முடிகிறது.

கரும்பொருள் தரப்பு இதற்குப் பதில் இல்லாமல் நிற்கவில்லை. கேலக்ஸி உருவாவதைக் கணினியில் போலச் செய்தவர்கள், விண்மீன் வெடிப்புகள் வாயுவைத் தள்ளும் விளைவையும் சேர்த்தால் ஏறக்குறைய இதே வளைகோடு தானாக வருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அது மெய்யான சாதனை. ஆனால் அளவீடு வந்த பிறகு வந்த விளக்கம் அது. முன்கூட்டிச் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டு என்பதற்கு கிரேட்டர் 2 ஓர் எடுத்துக்காட்டு. 2016இல் கண்டுபிடிக்கப்பட்ட, பால்வீதியின் துணையான குள்ள கேலக்ஸி அது. சுமார் 3,80,000 ஒளியாண்டு தொலைவில், பரப்பில் பெரிதாகவும் ஒளியில் மிக மங்கலாகவும் இருப்பது. அதன் விண்மீன்களின் வேகச் சிதறல் நொடிக்கு சுமார் 2.1 கிலோமீட்டராக இருக்கும் என்று, யாரும் அளப்பதற்கு முன்பே, மக்கோ கணக்கிட்டு வெளியிட்டார். வழக்கமான கரும்பொருள் உறை அதற்கு இருந்தால் சிதறல் இதைப்போல் பன்மடங்கு இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த அளவீடு 2.7. பிழை வரம்புக்குள் பொருந்தியது. பால்வீதியின் ஈர்ப்பு அதன் கரும்பொருளை உரித்துவிட்டிருக்கலாம் என்ற விளக்கம் அதன் பிறகுதான் வலுப்பெற்றது.

இவ்வளவையும் படித்தபின், ஏன் பெரும்பாலான அண்டவியலாளர்கள் மில்க்ரோம் பக்கம் போகவில்லை என்று கேட்கத் தோன்றும். காரணம் பிடிவாதம் அல்ல. கேலக்ஸியைவிடப் பெரிய அளவுக்குப் போனதும் அந்த எண் கைவிட்டுவிடுகிறது.

ஸ்விக்கி பார்த்த கோமா போன்ற கொத்துகளை எடுத்துக்கொள்வோம். அங்கே சாதாரணப் பொருளின் பெரும்பகுதி கேலக்ஸிகளுக்கு இடையே பரவி எக்ஸ் கதிர் உமிழும் வெப்ப வாயுவாக இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்து, மில்க்ரோம் விதியையும் போட்டுப் பார்த்தால், இன்னும் ஏறத்தாழ இரு மடங்கு நிறை தேவைப்படுகிறது. கரும்பொருளைத் தவிர்க்க வந்த கோட்பாடு கொத்துகளில் ஏதோ ஒரு காணாப் பொருளைக் கேட்கிறது. மில்க்ரோமே இதை மறைத்ததில்லை.

2006இல் டக்ளஸ் க்ளோவும் சகாக்களும் வெளியிட்ட புல்லட் கொத்துப் படம் இதை எல்லோர் கண்ணுக்கும் கொண்டுவந்தது. முந்நூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இரண்டு கொத்துகள் ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு போயிருக்கின்றன. வாயு வாயுவோடு மோதி நடுவில் தங்கிவிட்டது. சந்திரா விண்தொலைநோக்கி அதைப் படம்பிடித்தது. கேலக்ஸிகள் மோதாமல் நழுவி இருபுறமும் போய்விட்டன. பின்னால் இருக்கும் தொலைதூரக் கேலக்ஸிகளின் உருவம் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு ஈர்ப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று வரைந்தார்கள். சாதாரணப் பொருளில் பெரும்பங்கு நடுவே வாயுவில் கிடக்க, ஈர்ப்பின் உச்சங்கள் இரண்டும் கேலக்ஸிகளோடு வெளியே இருந்தன. மோதாத ஏதோ ஒன்று கேலக்ஸிகளோடு சேர்ந்து கடந்து போயிருக்கிறது. இதை ஈர்ப்பு விதியை மட்டும் திருத்தி விளக்குவது மிகமிகக் கடினம். இந்தப் படத்தோடு வழக்கு முடிந்தது என்று பலர் எழுதினார்கள். கொத்துகளில் மில்க்ரோம் விதிக்குக் கூடுதல் நிறை தேவை என்பது முன்பே தெரிந்த குறை என்பதால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு இதைவிட வலுவாகப் படும் சான்று இன்னும் பழையது. அண்டத்தின் குழந்தைப் பருவத்திலிருந்து வருவது.

அண்டத்துக்கு 3,80,000 வயதாகும் வரை ஒளியும் சாதாரணப் பொருளும் பிரிக்க முடியாத ஒரே பாய்மமாகக் கொதித்தன. ஈர்ப்பு அதை அமுக்கியது, ஒளியின் அழுத்தம் திருப்பி விரித்தது. அமுங்கி விரியும் அந்த ஒலி அலைகளின் தடம் இன்று வானெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணியில் லட்சத்தில் ஒரு பங்கு வெப்ப வேறுபாடாகப் பதிந்திருக்கிறது. அந்த வேறுபாடுகளை அளவுவாரியாகப் பிரித்தால் வரிசையாகச் சிகரங்கள் எழும். ஒற்றைப்படைச் சிகரங்கள் அமுங்கிய நிலையைக் காட்டுபவை, இரட்டைப்படை விரிந்த நிலையை. வில்சுருளில் தொங்கும் எடையைக் கூட்டினால் கீழ்நோக்கிய இறக்கம் ஆழமாவதுபோல, சாதாரணப் பொருள் கூடினால் முதல் சிகரம் இரண்டாவதைவிட ஓங்கி நிற்கும். கரும்பொருளே இல்லாத அண்டத்தில் முதல் சிகரத்துக்கும் இரண்டாவதற்கும் என்ன விகிதம் இருக்கும் என்று 1999இல் மக்கோ கணக்கிட்டார். அளவீடு வந்தபோது அந்த விகிதம் சரியாக இருந்தது. அவர் சொன்னது அதுவரை வென்றது.

மூன்றாவது சிகரத்தில் தோற்றது. கரும்பொருள் இல்லையென்றால் அமுங்கும் அலையைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது; ஒவ்வொரு சிகரமும் முந்தையதைவிடத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். ஒளியின் அழுத்தத்துக்கு அசைந்துகொடுக்காத ஒரு பொருள் குழி வெட்டி வைத்திருந்தால் மூன்றாவது மீண்டும் உயரும். பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டில் மூன்றாவது சிகரம் ஏறக்குறைய இரண்டாவதன் உயரத்திலேயே நிற்கிறது. சிகரங்களின் உயரங்களையும் இடைவெளிகளையும் வைத்துத்தான் அண்டத்தின் ஆற்றலில் சாதாரணப் பொருள் சுமார் 5 விழுக்காடு, கரும்பொருள் சுமார் 27, மீதம் கரும் ஆற்றல் என்று இன்று நாம் சொல்கிறோம்.

இதோடு ஓர் எளிய கணக்கும் சேர்கிறது. அன்று லட்சத்தில் ஒன்றாக இருந்த ஏற்றத்தாழ்வு, அண்டம் அதற்குப் பிறகு விரிந்த 1,100 மடங்குக்கு ஏற்ப வளர்ந்திருந்தால், இன்று நூறில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அப்படிப்பட்ட அண்டத்தில் கேலக்ஸிகள் உருவாகியிருக்கவே முடியாது. ஒளியோடு ஒட்டாத பொருள் அதற்கு வெகு முன்பே திரளத் தொடங்கி, பின்னால் வந்த சாதாரணப் பொருளுக்குக் குழிகளைத் தயாராக வைத்திருந்தால் கணக்கு நேராகிறது. கரும்பொருள் என்ற கருத்தை நான் ஏற்பதற்கு முதன்மையான காரணம் இந்த இரண்டும்தான், கேலக்ஸிகளின் சுழற்சி அல்ல.

திருத்திய ஈர்ப்புக்கு இன்னோர் அடி 2017 ஆகஸ்டு 17 அன்று விழுந்தது. மில்க்ரோமின் சூத்திரம் ஐன்ஸ்டைன் கோட்பாட்டோடு இணங்காததால், யாக்கோப் பெக்கென்ஸ்டைன் 2004இல் அதற்கு முழுமையான சார்பியல் வடிவம் ஒன்றை அமைத்திருந்தார். அத்தகைய பல வடிவங்களில் ஈர்ப்பு அலையும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் போகும். சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி எழுப்பிய ஈர்ப்பு அலை வந்து 1.7 நொடியில் அதன் காமா கதிரும் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் ஓடி இவ்வளவு நெருக்கமாக வந்து சேர்ந்தவை ஒரே வேகத்தில் வந்திருக்க வேண்டும். பெக்கென்ஸ்டைனின் மூல வடிவமும் அதன் உறவுகள் பலவும் அன்றே ஓரங்கட்டப்பட்டன. 2021இல் பிராகாவில் பணியாற்றிய கான்ஸ்டன்டினோஸ் ஸ்கோர்டிஸும் டாம் ஸ்வோஷ்னிக்கும் இந்தத் தடையைக் கடக்கும் புதிய கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அது நுண்ணலைச் சிகரங்களையும் தருகிறது. ஆனால் அதற்காகச் சேர்த்த புதிய புலம் தொடக்க கால அண்டத்தில் கரும்பொருளைப் போலவே நடந்துகொள்கிறது. இரண்டு முகாம்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்வதாகவே இதை நான் பார்க்கிறேன்.

கரும்பொருள் உண்மையில் துகள்களாக இருந்தால் அதற்கு வேறொரு கடமையும் உண்டு: அது உரச வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பின் அமெரிக்காவுக்குப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் இயங்கு உராய்வு என்ற விளைவைக் கணக்கிட்டுக் காட்டினார். துகள்கள் நிறைந்த வெளியில் கனத்த பொருள் ஒன்று ஓடும்போது, அதன் ஈர்ப்பு துகள்களைத் தன் பின்னால் குவிக்கிறது. அந்தக் குவியல் திரும்ப அதையே பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. அவர் யோசித்தது விண்மீன்களை. இன்று அது கரும்பொருளைச் சோதிக்கும் கருவியாகிவிட்டது. பல சுருள் கேலக்ஸிகளின் நடுவில் விண்மீன்கள் ஒரு நீள்பட்டையாகச் சேர்ந்து சுழல்கின்றன. அடர்ந்த கரும்பொருள் உறைக்குள் சுழலும் பட்டை கோடிக்கணக்கான ஆண்டுகளில் தளர வேண்டும். அளந்த பட்டைகளில் பல இன்னும் வேகமாகவே சுழல்கின்றன. திருத்திய ஈர்ப்பை ஆதரிப்பவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டுகிறார்கள். மறுபக்கம், நம் பால்வீதியின் பட்டை தோன்றிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வேகம் இழந்திருக்கிறது என்று 2021இல் வந்த ஓர் ஆய்வு, சூரியனுக்கு அருகிலுள்ள விண்மீன்களின் ஓட்டத்திலிருந்து முடிவு கண்டது. சந்திரசேகரின் உராய்வு நம் வீட்டிலேயே வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள்.

துகளை நேரடியாகப் பிடிக்கும் முயற்சி ஒருபுறம் நடந்துகொண்டிருக்கிறது. பால்வீதியின் இப்பகுதியில் கரும்பொருளின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், பூமி முழுவதற்குள்ளும் எந்தக் கணத்திலும் இருப்பது அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரைதான். அதில் ஒரு துகள் ஒரு சாதாரண அணுவின் கருவை இடித்து நகர்த்தும் அபூர்வத் தருணத்துக்காக, விண்கதிர்கள் எட்டாத ஆழத்தில் கருவிகளை வைத்துக் காத்திருக்கிறார்கள். தெற்கு டகோட்டாவில் மூடப்பட்ட ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனானோடு எல்இசட் கருவி இயங்குகிறது. இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியிலும் சீனாவிலும் அதன் போட்டிக் கருவிகள் உள்ளன. நம் நாட்டில் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 550 மீட்டர் ஆழத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. இதுவரை எதிலும் கரும்பொருள் சிக்கவில்லை. இவற்றின் நுட்பம் எவ்வளவு கூடிவிட்டதென்றால், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் இடியே இப்போது கேட்கத் தொடங்கிவிட்டது. இனித் தேடுவோர் அந்த இரைச்சலுக்கு ஊடாகத்தான் தேட வேண்டும். கனத்த துகள்கள் இல்லையென்றால் மிக இலேசான ஆக்சியான்களாக இருக்கலாம் என்று சியாட்டில் நகரில் காந்தப்புலத்துக்குள் ரேடியோ அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவுகிறார்கள். இந்த வெறுங்கை கரும்பொருளைப் பொய்யாக்காது. ஆனால் எந்தத் தோல்விக்குப் பிறகும் துகளின் இயல்பை மாற்றிக்கொண்டே போகலாம் என்ற வசதி, நேர்மையான ஆய்வாளரை உறுத்தத்தான் வேண்டும்.

இந்த இழுபறியில் கரும்பொருளின் குறுக்கீடே இல்லாமல் மில்க்ரோம் எண்ணைச் சோதிக்க ஓர் இடம் உண்டு. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் சில, வெகு தூரம் விலகி நிற்கின்றன. சூரியன் அளவு நிறையுள்ள விண்மீனிலிருந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 7,000 மடங்கு விலகினால், அங்கே ஈர்ப்பு முடுக்கம் மில்க்ரோம் எண்ணுக்கு இறங்கிவிடும். இந்தச் சிறிய வெளிக்குள் அடங்கும் கரும்பொருள் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு அற்பம். ஆகவே இணை இயல்புக்கு மீறி வேகமாக ஓடினால் பழி விதியின் மேல்தான் விழும்; ஓடவில்லையென்றால் மில்க்ரோம் விதி சிக்கலில். இந்த இணைகள் ஒரு சுற்று முடிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதால் யாரும் சுற்றுப்பாதையைப் பார்க்க முடியாது. இந்த நொடியில் இரண்டுக்கும் இடையே உள்ள சார்பு வேகம், நொடிக்குச் சில நூறு மீட்டர், அதை மட்டும்தான் அளக்கலாம். அதற்குத் தேவையான துல்லியத்தை ஐரோப்பாவின் கையா விண்கலம் தந்தது.

2023இல் சியோலின் சேஜோங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியூ-ஹ்யூன் சே, 26,500 இணைகளை ஆராய்ந்து, விலகிய இணைகளில் ஈர்ப்பு நியூட்டனின் கணக்கைவிட சுமார் 40 விழுக்காடு கூடியிருக்கிறது என்றார். மில்க்ரோம் விதி எதிர்பார்த்த அளவு அது. சில மாதங்களில் இந்திரநீல் பானிக்கும் சகாக்களும், தாங்கள் கடுமையாகச் சலித்தெடுத்த 8,611 இணைகளை வைத்து, நியூட்டனே சரி, மில்க்ரோம் விதிக்கு இடமில்லை என்று அதே உறுதியோடு எழுதினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பானிக் அதற்கு முன்பு மில்க்ரோம் விதியை ஆதரித்துப் பல ஆண்டுகள் எழுதியவர். தரவு எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகத் துணிந்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். இத்துறையின் மீது எனக்கு மதிப்பு கூடுவதற்கு அவர்கள்தான் காரணம்.

ஒரே விண்கலத்தின் தரவிலிருந்து எதிரெதிர் முடிவுகள் எப்படி வருகின்றன? சண்டை மூன்றாவது விண்மீனைப் பற்றியது. தொலைவிலிருந்து ஒற்றையாகத் தெரியும் ஒரு விண்மீன், நெருக்கமாகச் சுற்றும் மங்கலான துணை ஒன்றை வைத்திருக்கலாம். அந்தத் துணை அதை இப்படியும் அப்படியும் ஆட்டும். அந்த ஆட்டம் பெரிய இணையின் வேகத்தோடு கலந்து, ஈர்ப்பு கூடியதுபோல் காட்டும். தன் தேர்வில் எத்தனை இணைகளில் இப்படி மறைந்த துணை உண்டு என்று ஒவ்வொரு குழுவும் ஒரு மதிப்பீடு வைத்துத்தான் முடிவுக்கு வருகிறது. அந்த மதிப்பீட்டைச் சற்று நகர்த்தினால் முடிவும் நகர்கிறது. இதைத் தீர்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு விண்மீனும் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ ஓடும் வேகத்தை தரைத் தொலைநோக்கிகளின் நிறமாலையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துத் துணை இருப்பவற்றைக் கழித்துவிடலாம். கையா பல ஆண்டுகள் குறித்துவைத்த நிலைகளில் விண்மீன் நேர்கோட்டில் போகிறதா, தள்ளாடுகிறதா என்றும் பார்க்கலாம். அந்தத் தள்ளாட்டத்தைக் காட்டும் நாள்வாரி அளவுகள் கையாவின் நான்காவது வெளியீட்டில் வரவிருக்கின்றன. சுத்தமான சில நூறு இணைகள் கையில் கிடைத்தால் போதும், 1.2 × 10⁻¹⁰ என்ற அந்த எண் நம் சூரியனின் அண்டை வீட்டில் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும்.